சாப்பாட்டுக்குப் பின் ஒரு முடியாது

பக்தவச்சலத்துக்கு வந்த வியாதி இன்னதென்று சொல்ல அரக்கோணம் டாக்டருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. திருத்தணியில் அவன் குடியிருக்கும் தெருவுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை. திருஷ்டி என்றார்கள், பித்தம் என்றார்கள், ஏழரைச் சனி என்றார்கள். எதிர்வீட்டுப் பெருமாள் மட்டும் அடித்துச் சொன்னார், வாயு என்று. அவர் எதற்கும் வாயு என்றுதான் சொல்வார். போன வருஷம் தெருக்குழாய் மோட்டார் புகைந்து நின்றபோதும் அதைத்தான் சொன்னார்.

நடந்தது இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில், அமெரிக்காக்காரர்களின் இன்ஷூரன்ஸ் பாரங்களைச் சரிபார்க்கும் கம்பெனி ஒன்றில் பக்தவச்சலம் பதினாலு பேருக்கு மேஸ்திரி. அங்கே அதற்கு டீம் லீடர் என்று பெயர். தினமும் விடிகாலை மின்சார ரயிலில் போய், எல்லோரும் தூங்கிய பிறகு வீடு வந்து சேர்வான். ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ரயில் அம்பத்தூரில் நின்றது, அவன் இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டதாகவும் இல்லை. கால் எழும்பவில்லை, அவ்வளவுதான். சென்ட்ரல் வரை போனான். அதே வண்டியில் அதே சீட்டில் திரும்பி வந்தான். திருத்தணியிலும் கால் எழும்பவில்லை. மறுபடி சென்ட்ரல். இரண்டாவது நடை திரும்பும்போது டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார். பக்தவச்சலம் சீசன் டிக்கெட்டை எடுத்துக் காட்டிவிட்டு, "வேற ஏதாவது செய்யணுமா சார்?" என்று கேட்டிருக்கிறான். அந்த மனிதர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். கெஞ்சுகிறவனைப் பார்த்திருக்கிறார், ஓடுகிறவனைப் பார்த்திருக்கிறார். இப்படிக் கேட்டவனை அவர் பார்த்ததில்லை. பயந்துபோய் வீட்டுக்கு போன் போட்டார்.

மறுநாள் மனைவி யோகலட்சுமி அவனை அரக்கோணத்துக்கு அழைத்துப் போனாள். முதலில் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று அவனுடைய அம்மா பத்மா ஒற்றைக்காலில் நின்றாள். உடைத்துவிட்டுத்தான் போனார்கள். டாக்டர் பிரியங்காவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. ரத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. எல்லாவற்றையும் பார்த்து ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?"

"மூணு. மூணரைன்னு வெச்சுக்குங்க. ஒரு வருஷமா அப்படித்தான் டாக்டர். வேலை இல்லாத அன்னிக்கும் முழிப்பு வந்துடுது."

"யாராவது ஒரு வேலை சொன்னா, முடியாதுன்னு கடைசியா எப்ப சொன்னீங்க?"

பக்தவச்சலம் யோசித்தான். மின்விசிறியைப் பார்த்து யோசித்தான். சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்து யோசித்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"என்கிட்ட சொல்வாரு டாக்டர்," என்றாள் யோகலட்சுமி. "டெய்லி சொல்வாரு. ஞாயித்துக்கெழம எங்கம்மா வூட்டுக்குப் போலாமான்னா முடியாது. இன்னிக்கு ஒரு வேளை ஓட்டல்ல வாங்கிக்கலாமான்னா முடியாது. அந்தத் தண்ணிக் கேனைத் தூக்கி வைய்யின்னா, அப்பவும் முடியாது."

"வீட்டுல சொல்றது கணக்குல வராதும்மா," என்று டாக்டர் சிரித்தாள். பக்தவச்சலமும் சிரித்தான். யோகலட்சுமி சிரித்தாளா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பர்ன்-அவுட், அதாவது எரிந்து தீர்ந்துபோவது என்று டாக்டர் பெயர் வைத்தாள். வேலை ஆளைத் தின்று எலும்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது, ஆறு வாரம் முழு ஓய்வு எடுக்காவிட்டால் அதையும் தின்றுவிடும் என்றாள். தூக்க மாத்திரை எழுதவில்லை. லீவுக்குத் தனியாக ஒரு சான்றிதழ் கொடுத்தாள். மருந்துச் சீட்டில் ஒரே ஒரு வரிதான் எழுதினாள். முடியாது, 1-0-1, சாப்பாட்டுக்குப் பின்.

"விளையாட்டு இல்லீங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வெளியாள் யார்கிட்டயாவது வாய் விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா வேலை செய்யாது. இதைச் சொல்லாத வரைக்கும் உங்களுக்குத் தூக்கம் வராது."

பழக்கதோஷத்தில் பக்தவச்சலம் சீட்டைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் நீட்டிவிட்டான். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டாக் இல்லீங்க. சென்னையில கெடைக்கும்," என்றார்.

சென்னையில் கிடைக்காது என்பது பக்தவச்சலத்துக்குத் தெரியும். அங்கேதான் அவனுடைய மேனேஜர் விஜயராகவன் இருந்தார். விஜயராகவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவருடைய தலை. ஐம்பத்திரண்டு வயசுக்கு அப்படி ஒரு கிராப்பு இந்த ஜில்லாவிலேயே கிடையாது. கறுப்பு மை பூசி, மேலே தூக்கி வாரி, நெற்றியில் ஒரு சுருளை மட்டும் வேண்டுமென்றே விழ விட்டிருப்பார். மீட்டிங்கில் எல்லோரும் அவர் கண்ணைப் பார்ப்பதில்லை, அந்தச் சுருளைத்தான் பார்ப்பார்கள். அடுத்துச் சொல்ல வேண்டியது அவருடைய வாய். எந்த வேலையையும் அவர் வேலை என்று சொல்லிக் கொடுத்ததே கிடையாது. "பக்தா, ஒரு சின்ன விஷயம்," என்பார். ஞாயிற்றுக்கிழமை வருவது ஒரு சின்ன விஷயம். வேலையை விட்டுப் போன மூன்று பேரின் பாரங்களையும் சேர்த்துப் பார்ப்பது ஒரு சின்ன விஷயம். அவர் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது ரொம்பச் சின்ன விஷயம். ஆறு வருஷமாக எல்லாவற்றுக்கும் பக்தவச்சலம் சொன்ன பதில் ஒன்றுதான். "சரி சார்."

டாக்டர் கொடுத்த லீவு சான்றிதழை அனுப்பியதும் விஜயராகவன் மனம் உருகிப் பேசினார். உடம்புதான் முக்கியம் என்றார், கம்பெனி ஒரு குடும்பம் என்றார். ஆறு வாரத்துக்குப் பதிலாக இரண்டு வாரம் கொடுத்தார். "மீதி நாலு வாரத்தை அப்புறம் பாத்துக்கலாம் பக்தா. நான் இருக்கேன்ல?" என்றார். அவர் இருப்பதுதானே வியாதியே! ஆனால் பக்தவச்சலம் "சரி சார்" என்றான். அந்த நாலு வாரம் கிடைக்காவிட்டால் மறுபடி அந்த ரயிலில் ஏறி உட்கார வேண்டும். அதை நினைத்தாலே அவனுக்குத் தொடை இரண்டும் மரத்துப்போனது.

மருந்து சாப்பிடும் படலம் மறுநாள் ஆரம்பித்தது. சீட்டை யோகலட்சுமி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். காலை இட்லிக்குப் பிறகு பெருமாள் வந்தார். பட்டாவுக்கு கம்ப்யூட்டரில் மனு போட வேண்டுமாம். "நீதான் சும்மா கீறியே பக்தா." பக்தவச்சலம் வாயைத் திறந்தான். 'மு' வரை வந்தது. தொண்டையில் ஏதோ அடைத்து, இருமி, தண்ணீர் குடித்து, கடைசியில் பெருமாளுக்கு மட்டுமல்லாமல் அவர் மச்சினனுக்கும் சேர்த்து மனு போட்டுக் கொடுத்தான். சாயங்காலம் கடன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் போன் செய்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க, நீங்க சாப்ட்டீங்களா?" என்றான். மூன்றாம் நாள்தான் ஒருவழியாக ஒரு தடவை "முடியாது" என்று கத்திவிட்டு, கூடத்திலிருந்து ஓடிவந்து யோகலட்சுமியிடம் சொன்னான்.

அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். "யார்கிட்ட சொன்னே?"

"போன்ல. கம்பெனி விளம்பரம்."

"ஆளா, ரெக்கார்டிங்கா?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"செல்லாது பாவா," என்றாள் அவள். யோகலட்சுமி பொதட்டூர்பேட்டைக்காரி, பத்மாவின் அண்ணன் மகள், அத்தானைப் பாவா என்று கூப்பிடுகிறவள், விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். "ஒரு நூல் அறுந்தா தறியே நின்னுடும். நீ இன்னான்னா மொத்தப் பாவு நூலும் அறுந்து தொங்குது, இன்னும் ஆடிகினே கீறே." சொல்லிவிட்டு மாவை வழித்தாள்.

இப்படியே ஒரு வாரம் போனது. தூக்கம் அதே மூன்று மணி நேரம்தான். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. மனுஷன் ஓய்வெடுக்க வருஷத்தில் எத்தனையோ மாதம் இருக்கிறது. திருத்தணி மலையடிவாரத்தில் சொந்த வீடு வைத்திருக்கிறவன் ஆடி மாதத்திலா ஓய்வெடுப்பான்? கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். அதில் எப்படியும் ஒரு ஐம்பது பேர் உனக்குச் சொந்தமாக இருப்பார்கள். ஒரு பத்துப் பேர் சொந்தம் என்று சொல்லிக்கொள்வார்கள். இங்கே வீடு கட்டுகிறவர்கள் கூடத்தைவிடக் கழிவறையைப் பெரிதாகக் கட்டுவது சும்மா இல்லை.

கிருத்திகைக்கு மூன்று நாள் முன்பே பள்ளிப்பட்டிலிருந்து கண்ணையன் மாமா வந்து இறங்கினார். பத்மாவுக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை. கூடப் பதினோரு பேர், ஐந்து காவடி, ஒரு பம்பை, இரண்டு மூட்டை அரிசி. அரிசியைக் கொண்டுவந்து விட்டதால் செலவு வைக்கவில்லை என்பது அவருடைய கட்சி. அதைப் பொங்கி இறக்கிப் பரிமாறிப் பாத்திரம் துலக்குவது யார் என்ற கேள்வி அவர் கட்சியில் எழுவதே இல்லை. "ரெஸ்ட் எடு நைனா, நல்லா ரெஸ்ட் எடு," என்று பக்தவச்சலத்தின் தோளில் தட்டினார். "படுக்கறதுக்கு முன்னாடி பம்பைக்காரனுக்கு மட்டும் ஒரு ஆட்டோ சொல்லிடு." பக்தவச்சலத்தின் கட்டிலில் அவருடைய மயில் காவடி சாய்ந்து படுத்துக்கொண்டது. எட்டு வயசு மகள் அம்மு, புத்தகப் பையோடு எதிர்வீட்டுக்குக் குடிபோனாள்.

அன்றைக்குத்தான் போன் வந்தது.

"பக்தா, ரெஸ்ட்ல இருக்கே, உன்ன டிஸ்டர்ப் பண்ணவே கூடாதுன்னு நெனச்சேன். ஒரு சின்ன விஷயம்."

விஜயராகவன் கிருத்திகைக்கு வருகிறாராம், மனைவியோடு. மொட்டை போட வேண்டுமாம். பக்தவச்சலம் காதில் விழுந்ததை நம்பாமல், "யாருக்கு சார்?" என்று கேட்டான்.

"எனக்குத்தான்யா. அமெரிக்கா கான்ட்ராக்ட் கையவிட்டுப் போயிடும்போல இருந்துதே, அப்ப வேண்டிகிட்டேன். அவன்தான் காப்பாத்திக் குடுத்தான்."

முருகனைச் சொன்னார். அந்தக் கான்ட்ராக்டுக்காக எட்டு மாதம் கண் விழித்தவன் பக்தவச்சலம். பிழைகளை நூற்றுக்கு நாலிலிருந்து ஒன்றாகக் குறைத்தவன் பக்தவச்சலம். அமெரிக்காக்காரன் திட்டியதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டவனும் அவன்தான். நேர்த்திக்கடன் மட்டும் நேராக மலைமேல் போய்விட்டது. முருகனையே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார்.

"சாமியச் சீக்கிரம் பாக்கறதுக்கு டிக்கெட் எடுத்து வெச்சிடு. பை வெக்க, குளிக்க உன் வீடு போதும். மதியத்துக்கு ரெண்டு இலை, சிம்பிளா. பத்து மணிக்கு உன் தெருமுனைல இருப்பேன். அப்படியே உன் நாலு வார லீவையும் நேர்ல பேசி முடிச்சுடலாம்."

"சரி சார்," என்றான் பக்தவச்சலம். நாலு வாரம் என்ற சொல் அவன் காதில் தேனாகப் பாய்ந்தது. யோகலட்சுமி சோற்றுக் கஞ்சியை வடித்தபடி அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, கிருத்திகைக்கு ஒதுக்கியிருந்த அரிசியில் இன்னும் இரண்டு பேருக்கு அளந்து போட்டாள்.

கிருத்திகை அன்று பக்தவச்சலம் மூன்று மணிக்கே எழுந்துவிட்டான். எழுவதற்கு முதலில் படுத்திருக்க வேண்டும். அவன் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். டிக்கெட்டுக்கு முந்தின நாள் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றதில் கால் வீங்கியிருந்தது. எட்டு மணியிலிருந்து தெருமுனையில் விஜயராகவனுக்காகக் காத்திருந்தான். கார்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இத்தனை ஜனத்துக்கு போன் கோபுரமும் கையை விரித்துவிட்டது. யாருக்கும் யாரோடும் பேச முடியவில்லை. பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. காவடிகள் அலை அலையாகப் போயின. அரோகரா, அரோகரா! சித்தூரும் நகரியும் புத்தூரும் மொத்தமாக எழுந்து வந்துவிட்டது போலிருந்தது. ஆயிரம் மொட்டைகள் சந்தனத்தோடு வெயிலில் பளபளத்தன. அந்தச் சுருள் கிராப்பைத் தேடித் தேடி அவன் கண் எரிந்தது. பன்னிரண்டரைக்கு, சட்டைப்பையில் டிக்கெட்டுகள் வேர்வையில் ஊற, வீட்டுக்குத் திரும்பினான்.

வீட்டு வாசலில் நாற்பத்தோரு ஜோடிச் செருப்பு கிடந்தது. எண்ணினான், வேறென்ன செய்ய? கழிவறைக்கு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள், அதில் நாலு பேரை அவனுக்கு யாரென்றே தெரியவில்லை. கதவருகே நின்ற அவனிடம் ஒவ்வொரு மொட்டையாக வந்து கேட்டது. தண்ணீர் இருக்குதா? இந்தப் பையைக் கொஞ்ச நேரம் வெச்சிகினு இருப்பீங்களா? சார்ஜர் கெடைக்குமா? தமிழில் கேட்டவர்களுக்கு "சரிங்க" என்றான், தெலுங்கில் கேட்டவர்களுக்கு "சரேண்டி" என்றான். உள்ளேயிருந்து யோகலட்சுமி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். மயில் காவடி கட்டிலில் நிம்மதியாகப் படுத்திருந்தது. பக்தவச்சலத்துக்கு அதைப் பார்த்து வயிறு எரிந்தது.

ஒரு மணிக்கு மறுபடி கதவைத் தட்டினார்கள். திறந்தான். இன்னொரு மொட்டை. தலை முழுக்கச் சந்தனம், நெற்றி முழுக்க விபூதி, இடுப்பில் மஞ்சள் வேட்டி. பின்னால் வேர்த்து வடிந்துகொண்டு ஒரு அம்மாள், கீழே மூன்று பைகள். அரோகரா போட்டுப் போட்டு அந்த மனிதருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அப்பாடா!" என்றது மொட்டை. "ஒரு சின்ன விஷயம்..."

பக்தவச்சலத்துக்குள் எதுவோ அறுந்தது.

"முடியாது!" என்றான்.

தெருவில் போன காவடிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான். "முடியாதுய்யா! தண்ணி முடியாது, பாத்ரூம் முடியாது, பை முடியாது! இது வூடுய்யா, சத்திரமா? சின்ன விஷயம், சின்ன விஷயம்னு சொல்லிச் சொல்லியே என்னைத் தின்னு ஏப்பம் விட்டுட்டீங்களேய்யா! இன்னும் இன்னாய்யா வேணும் உங்களுக்கு? எனக்குத் தூக்கம் வருது. போ! போய்யா அப்பால!"

கதவை அறைந்து சாத்தினான். கூடத்தில் இருந்த கண்ணையன் மாமா கையில் எடுத்த அப்பளத்தைக் கடிக்காமல் வைத்துவிட்டார். பக்தவச்சலம் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மயில் காவடியை இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்து பீரோ மேல் வைத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், கட்டிலில் விழுந்தான். தலையணையில் தலை பட்டதுதான் அவனுக்கு ஞாபகம்.

பம்பை அடித்தது, உடுக்கை அடித்தது, பக்கத்து அறையில் ஒரு அம்மாள் சாமி வந்து ஆடினாள். எதுவும் அவனுக்குத் தெரியாது. கண் விழித்தபோது மறுநாள் காலை எட்டு மணி. உடம்பு இலேசாக இருந்தது. காக்கை கத்துவது தனியாகக் கேட்டது. ஒரு வருஷமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றிருந்தது. ஐயோ, தூங்கிவிட்டேனே என்று சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தை அம்மா வந்து கெடுத்தாள். பத்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து நீ தொரத்தினது யாருன்னு தெரியுமாடா?"

"யாரோ மொட்டை."

"உன் மேனேஜருடா பாவி!"

பக்தவச்சலம் எழுந்து உட்கார்ந்தான்.

"வண்டிய எங்கியோ வுட்டுட்டு, வேற வழியா மலைக்கே போயி, மொட்டையும் போட்டுகினு இங்க வந்திருக்காரு. நீ கதவச் சாத்தினதும் அந்தம்மா ஜன்னலாண்ட வந்து கத்துது, எங்க வூட்டுக்காரர் யாருன்னு தெரியுமா, உடனே உங்க வூட்டுக்காரர எழுப்புன்னு. இவ இன்னா சொன்னா தெரியுமா?" பத்மா சமையலறைப் பக்கம் கையை நீட்டினாள். "தெரியும்மா, டாக்டர் எழுதிக் குடுத்த மருந்த இப்பதான் சாப்ட்டுட்டுப் படுத்தாரு, எழுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டா. ரெண்டு எலைச் சோத்தையும் பொட்டலம் கட்டி ஜன்னல் வழியா குடுத்து அனுப்பிச்சிட்டா!"

நாலு வாரம் போச்சு. வேலையே போச்சோ என்னவோ! போனைத் தேடி எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் வாசகத்தை மனசுக்குள் கட்டியபடி சமையலறைக்கு ஓடினான். யோகலட்சுமி தோசைக்கல்லின் முன் நின்றிருந்தாள். தட்டில் பதினேழு தோசை அடுக்கியிருந்தது.

"யோகா, நேத்து நான் சொன்னது..."

"அது செல்லாது பாவா," என்றாள் திரும்பாமல். "யாருன்னு தெரியாம சொன்னது கணக்குல வராது."

போன் அடித்தது. விஜயராகவன். பக்தவச்சலம் எடுத்துக் காதில் வைத்தான்.

"பக்தா!" குரல் இன்னும் கட்டியிருந்தது. ஆனால் அதில் கோபம் இல்லை. "நேத்து என்னா கத்து கத்தினே! என் ஒய்ஃப் அழுதுட்டா. எனக்கும் முதல்ல கோவம்தான். அப்புறம் கார்ல உக்காந்து அந்தப் பொட்டலத்தப் பிரிச்சு சாப்பிடறப்ப யோசிச்சேன். இதுதான்யா நம்ம கம்பெனிக்கு வேணும். ஹெச்.ஆர்.கிட்ட பேசிட்டேன். வேலைச்சுமையை எப்படி ஜெயிக்கறதுன்னு சனிக்கிழமை சனிக்கிழமை நீ கிளாஸ் எடுக்கறே. எரநூறு பேரு. வீட்ல இருந்தே எடு, ஒரு மணி நேரம். இன்னிக்கே நாலு வார லீவைப் போட்டுத் தர்றேன். ஒரு சின்ன விஷயம்தான்."

அடடா, என்ன மனுஷன்! கதவை முகத்தில் சாத்தினாலும் அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய் ஆபீசில் மாட்டிவிடுவார். பக்தவச்சலத்தின் உதட்டில் 'ச' வந்து உட்கார்ந்துவிட்டது. 'ரி' மட்டும்தான் பாக்கி. நாலு வாரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தான். 1-0-1.

"முடியாது சார்."

"என்ன சொன்னே?"

"முடியாதுங்க சார். கிளாஸ் எடுக்க முடியாது. டாக்டர் ஆறு வாரம் எழுதியிருக்காங்க. ஆறு வாரம் கழிச்சு வர்றேன். வர வேணாம்னா அதை லெட்டர்ல எழுதி அனுப்பிடுங்க."

அந்தப் பக்கம் விஜயராகவன் தலையைத் தடவிப் பார்த்து, அங்கே சுருள் இல்லாததைக் கண்டு திகைத்திருக்கலாம்.

"சரி," என்றார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அவர் சொன்னார். போனை வைத்துவிட்டார். லீவு கிடைத்ததா, வேலை போயிற்றா என்று அந்தச் 'சரி'யிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பக்தவச்சலத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மலைமேல் ஏறிக் கொடியை நட்டு வந்தவன் மாதிரி யோகலட்சுமியின் முன்னால் போய் நின்றான்.

"கேட்டியா? கேட்டியா யோகா? செல்லுமா?"

"ஆங், செல்லும்," என்றாள். அடுப்பை அணைத்தாள். அப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண் இரண்டும் சிவந்து, கன்னம் ஒட்டி, பத்து வயசு கூடித் தெரிந்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. கஞ்சி கொட்டியிருக்க வேண்டும். என்றைக்குக் கொட்டியதென்று அவனுக்குத் தெரியாது.

"ஒரு சின்ன விஷயம் பாவா."

அவன் திக்கென்று பார்த்தான்.

"நான் நாலு நாளா படுக்கல. கடைசியா எப்பத் தூங்கினேன்னு எந்த டாக்டரும் கேக்கல, நீயும் கேக்கல. நீ தூங்கறதுக்கு ஜன்னலாண்ட நின்னு அந்தம்மாகிட்ட அவ்ளோ பேச்சு வாங்கினேன். எனக்கும் எரியுது பாவா, எரிஞ்சி எரிஞ்சி ஒண்ணுமே இல்ல இங்க." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இன்னிக்கி நான் படுத்துக்கறேன். மதியத்துக்கு இந்தக் கும்பலுக்குச் சோறு வடிக்கறது, பாத்திரம், எல்லாம் நீ பாத்துக்கோ."

பக்தவச்சலத்தின் வாயில் அந்தச் சொல் தயாராக வந்து நின்றது. அதற்குத் தொண்டை அடைக்கவில்லை, இருமல் வரவில்லை. பதினோரு வருஷமாக அவளுக்கென்றே பழக்கி வைத்திருந்த சொல். வழுக்கிக்கொண்டு நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதை விழுங்குவதற்குள் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சரி," என்றான்.

அவள் போய்க் கட்டிலில் படுத்தாள். கூடத்தில் பத்மா, "இன்னாடி இது, பகல்ல, வூடு நெறைய ஆளுங்க இருக்கச்சொல," என்று ஆரம்பித்தாள். கண்ணையன் மாமா ஏப்பம் விட்டுக்கொண்டே குரல் கொடுத்தார். "அம்மா யோகா, தோசை பஞ்சு மாதிரி கீது. சூடா இன்னொரு ரவுண்டு காபி போடும்மா."

"முடியாது சித்தப்பா," என்றாள் யோகலட்சுமி கட்டிலிலிருந்து. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் பத்மாவும் சமையலறை வாசலைப் பார்த்தார்கள். பக்தவச்சலம் பாலை அடுப்பில் வைத்தான். ஒரு டப்பாவைத் திறந்தான், துவரம்பருப்பு. இன்னொன்றைத் திறந்தான், சீரகம். மூன்றாவதில் கடுகு, நாலாவதில் பழைய பித்தான்களும் ஊக்குகளும். பால் பொங்கி வந்தது. காபிப்பொடி எங்கே என்று கேட்க அறைக்கு ஓடினான். யோகலட்சுமி வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பக் கூடாது என்று திரும்பி வந்து, ஐந்தாவது டப்பாவைத் திறந்தான்.